ஸ்மார்ட் சிக்னல் கண்ணுக்கு நீங்க தெரியறீங்களா?



ஃபைனல் இயர் படிக்கிற யாரையாவது நிறுத்தி "என்ன ப்ராஜெக்ட்?"னு கேட்டுப் பாருங்க. டிபார்ட்மென்ட்டுக்கு ஒரு டீமாவது "ஸ்மார்ட் டிராஃபிக் சிக்னல்"னு சொல்லும். எங்க டீமும் அந்தக் கூட்டத்துல ஒண்ணுதான். நாலு பேர், ஒரு லேப்டாப், கடன் வாங்கின கேமரா. நாலு ரோடு சேர்ற ஒரு ஜங்ஷன்ல, ஒரு கடை மொட்டை மாடியில நின்னு வீடியோ எடுத்தோம். எந்தப் பக்கம் வண்டி அதிகமோ அந்தப் பக்கத்துக்குப் பச்சை அதிக நேரம். ஐடியா அவ்வளவுதான்.

வண்டிகளை எண்ண யோலோ மாடல். அது கோகோ டேட்டாசெட்ல டிரெயின் ஆனது. அதுல 80 வகைப் பொருள் இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு நம்பர். கார் 2, பைக் 3, பஸ் 5, லாரி 7. ஆட்டோவுக்கு நம்பரே கிடையாது. எங்க மாடல் அதைச் சில நேரம் கார்னு சொல்லும், சில நேரம் லாரின்னு சொல்லும். (ஆட்டோ அண்ணன்கள் ரெண்டாவதை ரசிப்பாங்கன்னு நினைக்கிறேன்.) மனுஷனுக்கு நம்பர் 0. லிஸ்ட்ல முதல் ஆளே மனுஷன்தான்.

நாங்க எழுதின முதல் ஃபில்டர் என்ன தெரியுமா? 0 வந்தா தூக்கிப் போடு.

காரணம் இருந்துச்சு. பைக்ல உட்கார்ந்திருக்கிறவரும் தனியா ஒரு மனுஷன்னு கணக்குல ஏறிடுவார். ஸ்க்ரீன் முழுக்கப் பெட்டி பெட்டியா வந்து எதுவுமே புரியாது. ஒரே ஒரு வரி கோட்ல எல்லாம் சுத்தமாயிடுச்சு. ரொம்ப சந்தோஷப்பட்டோம்.

ரெண்டாவது ரிவ்யூல அந்த வீடியோ ஓடிட்டிருக்கு. ஒரு அம்மா கையில பையோட ரோட்டுக்கு நடுவுல, மீடியன் மேல நிக்கிறாங்க. அவங்களைச் சுத்தி ஓடுற எல்லாத்து மேலயும் எங்க சாஃப்ட்வேர் அழகா பெட்டி போடுது. அவங்க மேல மட்டும் பெட்டி இல்ல. சிக்னல் ஒரு சுத்து சுத்தி முடிக்குது. அவங்க அங்கேயேதான் நிக்கிறாங்க. பேனல்ல இருந்த மேடம் அல்காரிதம் பத்தி எதுவும் கேக்கல. "அவங்களுக்கு எப்போப்பா பச்சை?"ன்னு மட்டும் கேட்டாங்க. நாங்க நாலு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம்.

எங்க அம்மாவும் தினமும் அந்த மாதிரி ஒரு ரோட்டைத் தாண்டித்தான் வேலைக்குப் பஸ் ஏறுறாங்க. இது எனக்கு உறைச்சது அன்னிக்கு ராத்திரி ஹாஸ்டல்ல படுத்த பிறகுதான்.

அப்புறம் ரெண்டு வாரம் கோட் பக்கமே போகல. இந்தத் துறையோட வரலாற்றைத்தான் படிச்சேன். இன்டெலிஜென்ட் டிரான்ஸ்போர்ட்டேஷன் சிஸ்டம்ஸ், சுருக்கமா ஐடிஎஸ். தமிழ்ல நுண்ணறிவுப் போக்குவரத்து அமைப்புகள். பன்னிரண்டாவது வரைக்கும் எல்லாத்தையும் இங்கிலீஷ்ல படிச்ச எனக்கு இந்த வார்த்தையை ஒரே மூச்சுல சொல்றதே கஷ்டம். ஆனா அந்த "நுண்ணறிவு" யாரைப் பார்க்கக் கத்துக்கிச்சு, யாரைப் பார்க்கக் கத்துக்கல, அதைத்தான் உங்ககிட்டப் பேசணும்.

முதல் டிராஃபிக் சிக்னல் வந்தது 1868 டிசம்பர்ல. லண்டன்ல, பார்லிமென்ட் வாசல்ல. அப்போ கார் கிடையாது, குதிரை வண்டிதான். ஜே.பி. நைட்ங்கிற ரயில்வே இன்ஜினியர், ரயில் சிக்னல் மாதிரியே கை நீட்டுற கம்பம் ஒண்ணை நிறுத்தினார். ராத்திரிக்கு மேல சிவப்பு, பச்சை கேஸ் விளக்கு. அதை எதுக்கு வச்சாங்க? ரோட்டைக் கடந்து போறவங்க பத்திரமா போகணும்னு. "நில்"னு கை நீட்டினா, நடந்து வர்றவங்களுக்காக வண்டிகள் நிக்கணும். ஒரு மாசம் கூட ஆகல, 1869 ஜனவரியில கேஸ் கசிஞ்சு வெடிச்சு, அதை இயக்கிட்டிருந்த போலீஸ்காரருக்குக் காயம். கம்பத்தை எடுத்துட்டாங்க.

சிக்னல் பிறந்ததே நடந்து போறவங்களுக்காகத்தான். இது எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியுமா?

அடுத்த பெரிய பேர் அமெரிக்காவோட கிளீவ்லேண்ட். 1914 ஆகஸ்ட் 5, மின்சார சிக்னல். 1920-ல டெட்ராய்ட் போலீஸ்காரர் வில்லியம் பாட்ஸ் மூணு நிறம், நாலு திசைன்னு இன்னிக்கு நாம பார்க்கிற உருவத்துக்குக் கொண்டுவந்தார். இதெல்லாம் இன்னும் "இன்டெலிஜென்ட்" ஆகல. ஆள் பட்டனை அமுக்கணும், இல்லன்னா கடிகாரம் ஓடணும். ரோட்டுல என்ன நடக்குதுன்னு சிக்னலுக்குத் தெரியாது.

ரோட்டைக் கேட்ட சிக்னல் 1928-ல பால்டிமோர்ல வந்துச்சு. "கேட்ட"ன்னு சும்மா சொல்லல. சார்லஸ் ஆட்லர்னு ஒருத்தர் கம்பத்துல மைக் வச்சார். சின்ன ரோட்டுல வர்ற கார் நின்னு ஹாரன் அடிச்சா, அதைக் கேட்டு சிக்னல் பச்சையாகும். நம்ம ஊர்ல வச்சிருந்தா அரை மணி நேரத்துல அதுக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கும். ஆனா யோசிச்சுப் பாருங்க, ஐடிஎஸ்ஸோட அடிப்படை மொத்தமும் அந்த மைக்குக்குள்ள இருக்கு: உணரு, முடிவெடு, மாத்து. இன்னிக்குக் கேமரா, ரேடார், ஜிபிஎஸ், ஏஐ எது வந்தாலும் இதே மூணு வேலைதான். நடுவுல தகவலை ஒரு இடத்துலேர்ந்து இன்னொரு இடத்துக்கு அனுப்புற வேலை ஒண்ணு சேர்ந்துச்சு, அவ்வளவுதான்.

அதே ஆட்லர் அடுத்த வருஷமே, 1929-ல, நடந்து போறவங்களுக்காக ஒரு பட்டனும் வச்சார். அமுக்கினா வண்டிகளுக்குச் சிவப்பு விழும்.

ஆக, காருக்கு ஒரு ஹாரன், நடக்கிறவங்களுக்கு ஒரு பட்டன். ஒரே ஆள் செஞ்சது, ஒரு வருஷ இடைவெளியில. இந்த ரெண்டும் அதுக்கப்புறம் எங்கெங்க போய்ச் சேர்ந்துச்சுன்னு பார்த்தாலே போதும், நான் சொல்ல வர்றது புரிஞ்சிடும்.

முதல்ல ஹாரனோட கதை. 1960-கள்ல மைக்குக்குப் பதிலா லூப் டிடெக்டர் வந்துச்சு. ரோட்டை வெட்டி ரெண்டு மூணு சுத்து கம்பியைப் புதைச்சு, அதுல ஏசி கரண்ட் விடுவாங்க. மேல ஒரு கார் வந்து நின்னா அதோட உலோகத்துல எடி கரண்ட் உருவாகும், சுருளோட இண்டக்டன்ஸ் குறையும், ஆசிலேட்டரோட ஃப்ரீக்வென்சி ஏறும். ஈசிஈ மக்களுக்கு இது செகண்ட் இயர் லேப். ஒரு கார் வந்தாச்சுன்னு இப்படித்தான் சிக்னலுக்குத் தெரியுது. பைக் வந்தா லேசாத் தெரியும். மனுஷன் வந்தா ஒண்ணுமே தெரியாது, நம்மகிட்ட அவ்வளவு இரும்பு இல்ல.

சிக்னல் எவ்வளவு நேரம் எரியணும்ங்கிற கணக்கும் இந்தக் காலத்துலதான் இறுகுச்சு. சிவில் படிக்கிறவங்களுக்கு வெப்ஸ்டர் ஃபார்முலா தெரிஞ்சிருக்கும், 1958. ஒரு சுத்துல வீணாகிற நேரத்தை ஒன்றரையால பெருக்கி 5 கூட்டணும். எல்லாப் பக்கத்து நெரிசல் விகிதத்தையும் சேர்த்து, அதை 1-லேர்ந்து கழிக்கணும். முதல் விடையை ரெண்டாவதால வகுத்தா சைக்கிள் டைம். வீணாகிற நேரம் 12 விநாடி, நெரிசல் விகிதம் 0.7ன்னு வச்சுக்கோங்க: 23-ஐ 0.3-ஆல வகுத்தா கிட்டத்தட்ட 77 விநாடி. ரொம்ப அழகான ஃபார்முலா, நானே ரசிச்சிருக்கேன். அது எதைக் குறைக்குதுன்னு நான் கேட்டதே இல்ல. வண்டிகளோட மொத்தத் தாமதத்தைக் குறைக்குது. மீடியன்ல நிக்கிற அம்மாவோட தாமதம் அந்தச் சமன்பாட்டுல எந்த எழுத்து? எதுவும் இல்ல.

1963-ல டொரன்டோ நகரம் சிக்னல்களை ஒரு கம்ப்யூட்டர்கிட்ட ஒப்படைச்சுது. பிரிட்டன்ல ஸ்கூட்னு ஒரு சிஸ்டம், 1970-கள்ல கிளாஸ்கோவுல சோதிச்சது. ஆஸ்திரேலியாவுல சிட்னியோட ஸ்காட்ஸ். ரெண்டும் லூப்லேர்ந்து வர்ற தகவலை வச்சு பச்சை நேரத்தைத் தானே கொஞ்சம் கொஞ்சமா மாத்திக்கிட்டே இருக்கும். பக்கத்து சிக்னலோட ஒத்துப்போகிற மாதிரியும் பார்த்துக்கும். இன்னிக்கும் உலகத்துல நிறைய நகரங்கள் இந்த ரெண்டுலதான் ஓடுது. நம்ம நாட்டுல லேன் பார்த்து யாரும் ஓட்டறதில்லையே? அதுக்காகவே திருவனந்தபுரம் சி-டாக் கோசிகாஸ்ட்னு ஒண்ணு செஞ்சாங்க. ஐஐடி மெட்ராஸ் ஆராய்ச்சியாளர்கள் 2012-ல, லேன் இல்லாத ரோட்டுல பஸ்ஸையும் பைக்கையும் சைக்கிளையும் பிரிச்சு எண்ணுற பல லூப் அமைப்பு ஒண்ணை வெளியிட்டாங்க. சும்மா சொல்லக் கூடாது, இதெல்லாம் அசாத்திய வேலை.

சிக்னலுக்கு வெளியேயும் அதே ஓட்டம்தான். 1939 நியூயார்க் உலகக் கண்காட்சியில ஜெனரல் மோட்டார்ஸ், கார்கள் தானா போற நெடுஞ்சாலையை மாடலா செஞ்சு காட்டினாங்க. 1973-ல ஜப்பான், டிரைவருக்கு வழி சொல்ற சோதனையை ஆரம்பிச்சு, 1996-ல நெரிசல் தகவலை நேரா காருக்குள்ளயே அனுப்புற விக்ஸ் சேவைக்கு வந்து சேர்ந்துச்சு. ஐரோப்பாவுல 1980-கள்ல ப்ரொமீதியஸ் திட்டம். சிங்கப்பூர் 1998-ல நெரிசலுக்குத் தகுந்த மாதிரி காசு எடுக்கிற எலக்ட்ரானிக் கேட். நம்ம ஃபாஸ்டேக் கூட இந்தக் குடும்பத்துப் பேரன்தான்: கண்ணாடியில ஒட்டின பேட்டரி இல்லாத ஆர்எஃப்ஐடி சிப், 2021 பிப்ரவரியிலேர்ந்து டோல்ல கட்டாயம். மேப்ல சிவப்புக் கோடு பார்த்து வழி மாத்தறீங்களே, அப்போ நீங்களே ஒரு சென்சார்.

இதுல எனக்குப் பிடிச்ச ஒரு சின்ன விஷயம். அமெரிக்காவுல இந்தத் துறைக்கு முதல்ல வச்ச பேர் ஐவிஹெச்எஸ்: அறிவுள்ள வாகன - நெடுஞ்சாலை அமைப்புகள். அந்தப் பேர்லயே ஒரு சங்கமும் தொடங்கினாங்க. 1994-ல பேரை மாத்தி வாகனத்தையும் நெடுஞ்சாலையையும் எடுத்துட்டு, போக்குவரத்துன்னு போட்டாங்க. பஸ், ரயில், நடை எல்லாமே போக்குவரத்துதானேன்னு தோணியிருக்கு. பேர் மாறி முப்பது வருஷத்துக்கு மேல ஆகுது. நாங்க ப்ராஜெக்ட் பண்ணும்போது மனசுல இருந்தது பழைய பேர்தான்.

இப்போ பட்டனோட கதை. ரொம்பச் சின்னது. பட்டன் பட்டனாவே இருந்துச்சு. நியூயார்க்ல சிக்னல்கள் கம்ப்யூட்டருக்கு மாறின பிறகு அதைக் கழட்டக் கூட யாரும் மெனக்கெடல. நகரத்துல இருந்த 3,250 பட்டன்ல 2,500-க்கு மேல எந்த வேலையும் செய்யறதில்லைன்னு 2004-ல நியூயார்க் டைம்ஸ் எழுதிச்சு. ஜனங்க அது தெரியாம அமுக்கிட்டே இருந்தாங்க. நம்ம ஊர்ல பல ஜங்ஷன்ல அந்தப் பொய் பட்டன் கூட இல்ல.

நீங்க கேப்பீங்க, "நம்ம ஆளுங்க எங்கடா சிக்னல் பார்த்துக் கிராஸ் பண்றாங்க? இஷ்டத்துக்கு ஓடறவங்களை எப்படி எண்ணுவ?" எங்க டீம்லயே ஒருத்தன் இதைத்தான் கேட்டான். நியாயமான கேள்வி, நான் மறுக்கல. ஆனா அமெரிக்காவோட ஹைவே கெப்பாசிட்டி மேனுவல் சொல்றது இது: 30 விநாடிக்கு மேல காத்திருக்க வச்சா நடக்கிறவங்களுக்குப் பொறுமை போயிடும், கிடைச்ச இடைவெளியில இறங்கிடுவாங்க. இது அமெரிக்காக்காரனோட பொறுமை அளவு. எங்க வீடியோவுல அந்த அம்மா அதைவிட அதிக நேரம் நின்னாங்க. கடைசியில அவங்க ஓடினதும் சிக்னலை மீறித்தான். மீறினாங்கன்னு சொல்றதா, அவங்களுக்குன்னு சிக்னலே இல்லாத இடத்துல எதை மீறினாங்கன்னு கேக்கறதா?

இன்னொரு கணக்கும் சொல்றேன். நடக்கிற வேகம் விநாடிக்கு 1.2 மீட்டர்னு வச்சுத்தான் பாடப் புத்தகத்துல டிசைன் பண்ணுவாங்க. 24 மீட்டர் ரோடுன்னா 20 விநாடி. முட்டி வலியோட நடக்கிற ஒருத்தர் 0.8-ல போனா 30 விநாடி. அந்தப் பத்து விநாடி வித்தியாசத்துல அவங்க ரோட்டு மேல நிப்பாங்க, உங்க பச்சை விழுந்திருக்கும். அமெரிக்காவே 2009-ல இந்த 1.2-ஐ 1.07-ன்னு குறைச்சிடுச்சு.

பஸ்ஸுக்கும் இதே அநியாயம் உண்டு. ஐஆர்சி கணக்குல கார் 1, பைக் 0.5 இல்லன்னா 0.75, பஸ் 2.2-லேர்ந்து 3.7. அதாவது ரோட்டுல எவ்வளவு இடத்தை அடைக்குதுங்கிறதுதான் அளவு. உள்ளே அறுபது பேர் தொங்கிட்டிருந்தாலும் 3.7தான், ராத்திரி டிப்போவுக்குக் காலியாத் திரும்பினாலும் அதேதான். ரோட்டோட கொள்ளளவு கணக்குப் போட இது சரியான அளவு. யாருக்குப் பச்சைன்னு முடிவெடுக்கவும் இதையே எடுத்தா, நாலு காருக்காக அறுபது பேர் நிக்கலாம்னு சாஃப்ட்வேர் சொல்லும். நம்ம கோடும் அப்படித்தான் சொல்லிச்சு.

"முடியாது"ங்கிற பேச்சுக்கு மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன். ஏன்னா செஞ்சிருக்காங்க. சிங்கப்பூர்ல 2009-லேர்ந்து கிரீன் மேன் பிளஸ்னு ஒண்ணு இருக்கு. பெரியவங்க தங்களோட சலுகை அட்டையைச் சிக்னல் கம்பத்துல தட்டினா, கடக்கிற நேரம் 3-லேர்ந்து 13 விநாடி வரைக்கும் கூடும். ரோட்டோட அகலத்தைப் பொறுத்து. கம்பத்துல ஒரு கார்டு ரீடர், அவ்வளவுதான். நம்ம லேப்ல ஆர்எஃப்ஐடி ரீடர் வச்சு அட்டெண்டன்ஸ் சிஸ்டம் எத்தனை பேட்ச்தான் பண்ணிட்டே இருக்கும்?

லண்டன்ல 2014-ல பெடஸ்ட்ரியன் ஸ்கூட்னு சோதிச்சாங்க. அதே பழைய ஸ்கூட்தான். கூடவே ஒரு கேமரா, நடைபாதையில எத்தனை பேர் காத்திருக்காங்கன்னு எண்ணும். கூட்டம் அதிகமா இருந்தா பச்சை மனுஷன் அதிக நேரம் நிப்பான். பேல்ஹம், டூட்டிங் பெக் ரயில் நிலையங்களுக்கு வெளியே வச்சுப் பார்த்தாங்க. அதுக்கப்புறம் இன்னொரு சோதனையில 18 கிராஸிங்ல தலைகீழா மாத்தினாங்க: நடக்கிறவங்களுக்கு எப்பவும் பச்சை, வண்டி வந்தா மட்டும் அவங்களுக்குச் சிவப்பு விழும். வண்டி பட்டன் அமுக்கிக் காத்திருக்கிற மாதிரி! 1868-ல இதே லண்டன்ல நைட் வச்ச கம்பம் ஞாபகம் வந்துச்சு.

இந்தியாவுல 2022-ல சாலை விபத்துல செத்தவங்க 1,68,491 பேர்னு மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் சொல்லுது. அதுல 32,825 பேர் நடந்து போனவங்க. ஐஞ்சுல ஒருத்தர் கிட்ட. இவங்கள்ல யாரும் நம்ம லூப்ல தெரிஞ்சிருக்க மாட்டாங்க. எங்க கோட்லயும் தெரிஞ்சிருக்க மாட்டாங்க. வெப்ஸ்டர் காலத்துல மனுஷனை எண்ண வழியில்லை, கம்பிக்கு மனுஷன் தெரிய மாட்டான், சரி. எங்க மாடலுக்கு அவங்க தெரிஞ்சாங்க. அதுவும் முதல் நம்பர்ல. நாங்கதான் வேண்டாம்னு சொன்னோம். அதனாலதான் இதை டெக்னாலஜி குறைன்னு என்னால சொல்ல முடியல.

இப்போ ப்ராஜெக்ட் எந்த நிலைமையில இருக்குன்னு சொல்லிடறேன். ஃபில்டரை எடுத்தாச்சு. மனுஷன் பெட்டி பைக் பெட்டி மேல பெரும்பகுதி விழுந்தா அவர் ஓட்டுறவர், இல்லன்னா நடக்கிறவர். நடைபாதை ஓரத்துலயும் மீடியன்லயும் ஒரு கட்டம் வரைஞ்சு, அதுக்குள்ள நிக்கிறவங்க எவ்வளவு நேரமா நிக்கிறாங்கன்னு பார்க்கிறோம். வண்டி எவ்வளவு இருந்தாலும், காத்திருப்பு ஒரு அளவைத் தாண்டினா அவங்களுக்குப் பச்சை. வண்டிகளோட சராசரித் தாமதம் ஏறிடுச்சு, ரிசல்ட் டேபிள் முன்ன மாதிரி அழகா இல்ல. பஸ் மறைச்சா பின்னாடி நிக்கிறவங்களைத் தொலைச்சிடறோம். குடை பிடிச்சா சுத்தமா போச்சு. பேப்பர் போடற அளவுக்கு வருமான்னு எங்க கைடுக்கே சந்தேகம். "அந்த டேபிளை அப்படியே காட்டுங்க"ன்னு மட்டும் சொல்லியிருக்கார்.

உங்க டீமும் இந்த டாபிக் எடுத்திருந்தா, இன்னிக்கு ராத்திரியே உங்க கோட்ல எந்த நம்பரை எல்லாம் விட்டு வச்சிருக்கீங்கன்னு ஒரு தடவை திறந்து பாருங்க. எங்க வீடியோவும், கையால குறிச்ச லேபிளும் வேணும்னா தர்றோம். ஆட்டோவையும் தனியாக் குறிச்சிருக்கோம். ஃபைனல் ரிவ்யூக்கு மூணு வாரம் இருக்கு. ஒரு நாள் மழை வீடியோ வேணும், ஒரு நாள் ஸ்கூல் விடற நேரம் வேணும். சாயங்காலம் நாலு மணிக்கு அந்த மொட்டை மாடிக்கு ஏறி வர ரெண்டு ஜூனியர்ஸ் தேவை. டீயும் சமோசாவும் எங்க செலவு.